மீன் ஒத்துக்கொள்ளாத பூனை

கொச்சியை ஒட்டிய திருப்பூணித்துறையின் சந்துகளில் காலையில் மீன்காரரின் பைக் ஹாரன் கேட்டால், வீட்டுக்காரர்களுக்கு முன்னால் பூனைகள் வாசலுக்கு வந்துவிடும். மத்தியையும் அயிலையையும் எடை போட்டுக் கொடுத்து முடித்ததும், நசுங்கிய மீன் நாலைந்தைத் தனியே எடுத்து ‘பூச்சைக்கு’ (பூனைக்கு) என்று கொடுத்துவிட்டுப் போவது அங்கே பழகிப்போன வழக்கம். ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகளுக்கு அருகிலும் இதே கதைதான். வலை மேலே எழும்பும்போது, விழுகிற சிறு மீனுக்காகக் கரையில் பூனைகள் காத்திருக்கும். கொச்சியைப் பொறுத்தவரை பூனைச் சாப்பாடு என்றால் மீன். அதில் கேள்விக்கே இடமில்லை.

அதனாலேயே, ஒரு பூனை கழுத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாலும், சாப்பிட்ட அரைமணி நேரத்தில் கக்கினாலும், வாரக்கணக்கில் இளகலாகப் போனாலும், வீட்டாரின் சந்தேகப் பட்டியலில் மீன் வருவதே இல்லை. மழை ஈரம், வயிற்றுப் பூச்சி, தரை துடைக்கும் லோஷன், பக்கத்து வீட்டுப் பூனையிடமிருந்து தொற்றிய ஏதோ ஒன்று என்று சந்தேகம் சுற்றிச் சுற்றி வரும். மீன் மட்டும் தட்டில் விழுந்துகொண்டே இருக்கும்.

ஆய்வுகள் மீனையும் விட்டுவைக்கவில்லை. உணவு ஒவ்வாமை உள்ள 78 பூனைகளைப் பற்றி அதுவரை வெளியாகியிருந்த பதிவுகளை, ரால்ஃப் முல்லர், தியெரி ஒலிவ்ரி, பாஸ்கல் ப்ரெலோ என்ற மூன்று கால்நடைத் தோல்நோய் வல்லுநர்கள் 2016-இல் தொகுத்துப் பார்த்தார்கள். முதலிடத்தில் மாட்டிறைச்சி: 18 சதவீதம். ஒட்டினாற்போல் அடுத்து மீன்: 17 சதவீதம். கோழி 5 சதவீதம். கோதுமை, மக்காச்சோளம், பால் பொருட்கள் தலா 4 சதவீதம். ‘தானியம் கலக்காதது’ என்று பெரிதாக அச்சிட்ட பாக்கெட்டுகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது. தானியங்கள் வரிசையின் கீழ்ப்பகுதியில்தான் நிற்கின்றன.

இது பெரும்பாலும் மேலை நாட்டுப் பூனைகளின் கணக்கு. அங்கே டப்பா உணவில் மாட்டிறைச்சி தாராளமாக இருக்கும். திரும்பத் திரும்பச் சாப்பிட்ட புரதத்தின்மேல்தான் ஒவ்வாமை உருவாகும் என்பதால், பிறந்தது முதல் மத்தி தின்று வளர்ந்த பூனைக்கு மீன்தான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

‘நாலு வருஷமா இதையேதானே சாப்பிடுது, இப்ப மட்டும் என்ன வந்துச்சு?’ கால்நடை மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வாமை வேலை செய்யும் விதம் இந்த நியாயத்துக்குக் கட்டுப்படுவதில்லை. குடலின் சுவரைத் தினந்தோறும் ஏராளமான அந்நியப் புரதங்கள் தொட்டுப் போகின்றன. அவற்றை எதிரியாக நினைக்காமல் விட்டுவிட நோயெதிர்ப்பு மண்டலம் சிறு வயதிலிருந்தே பழகிக்கொள்கிறது. ஏதாவது ஒரு கட்டத்தில், குடல் அழற்சியாலோ, புழுத்தொல்லையாலோ, பரம்பரைக் காரணத்தாலோ அந்தப் பழக்கம் குலைந்துவிடலாம். அப்போது நோயெதிர்ப்புச் செல்கள் பழகிய புரதத்தையே எதிரியாகக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை அது உள்ளே வந்ததும் அழற்சியைக் கிளப்புகின்றன. இதற்கு முதலில் பலமுறை அறிமுகம் வேண்டும். நேற்று புதிதாகக் கொடுத்த உணவைவிட, வருஷக்கணக்காகக் கொடுத்துவந்த உணவே குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உணவு ஒவ்வாமை எல்லாப் பூனைக்கும் வரும் சங்கதி அல்ல. 2017-இல் ஒலிவ்ரியும் முல்லரும் வெளியிட்ட இன்னொரு தொகுப்பின்படி, மருத்துவரிடம் வரும் மொத்தப் பூனைகளில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அரிப்போடு வருகிறவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 12 முதல் 21 சதவீதம். வயிற்றுக் கோளாறின் பக்கத்திலிருந்தும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2001-இல் கில்ஃபோர்டு என்ற ஆய்வாளரும் குழுவினரும், காரணம் தெரியாமல் நாள்பட வாந்தியும் பேதியும் எடுத்துக்கொண்டிருந்த 55 பூனைகளுக்கு உணவை மாற்றிப் பார்த்தார்கள். 16 பூனைகளுக்கு உணவே காரணம் என்பது உறுதியானது. வேறு 11 பூனைகள் உணவை மாற்றியதும் குணமாகின. பழைய உணவைத் திரும்பக் கொடுத்தபோதும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பதினொன்றைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

ஒவ்வாமை என்று முடிவுகட்டும் முன் கழித்துக்கட்ட வேண்டியவை சில உண்டு. அரிப்பு என்றால் முதலில் தெள்ளுப்பூச்சி. கொச்சியின் ஈரமும் வெப்பமும் அதற்கு வருஷம் முழுவதும் வசதி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது சாட்சியாகாது. பூனை நக்கி நக்கியே அவற்றை விழுங்கிவிடும். ஈர வெள்ளைத்துணியில் பூனையின் முதுகைச் சீவி உதறினால் விழும் கருந்துகள் செம்பழுப்பாகக் கசிந்தால், அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், பூனையின் ரத்தம். பேதி என்றால் மலப் பரிசோதனை. குடற்புழுவும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும் அச்சு அசலாக உணவு ஒவ்வாமை போலவே வேஷம் போடும். வயதான பூனை இளைத்துக்கொண்டே வாந்தி எடுத்தால் தைராய்டு, சிறுநீரகம், குடல் புற்று வரை மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒவ்வாமையே இல்லாமல் வெறுமனே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. அதில் பழையது பால். குட்டியாக இருக்கும்போது பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி பூனைக்குப் போதுமான அளவு இருக்கும். தாய்ப்பாலை மறந்தபின் அது குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்க, வயிறு உப்பிப் பேதியாகிறது. தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் பல பூனைகள் தயிரைத் தாங்கிக்கொள்கின்றன.

மீன்குழம்பு பாலைவிட ஆபத்தானது, அதைப் பற்றிக் கொச்சி வீடுகளில் போதிய எச்சரிக்கை இல்லை. கேரள மீன்கறியில் சின்ன வெங்காயமும் பூண்டும் அரைத்தோ வதக்கியோ சேர்த்திருப்பார்கள். வெங்காயக் குடும்பத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. பூனையின் ஹீமோகுளோபின் இந்த வகைத் தாக்குதலுக்கு எளிதில் இடம் கொடுக்கும் அமைப்பு உடையது. உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதும். மூன்று கிலோ பூனைக்கு அது 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். வேகவைத்தால் நச்சு போய்விடாது. குழம்பிலிருந்து மீனை எடுத்துத் தண்ணீரில் அலசிக் கொடுப்பதையும் நம்ப முடியாது. பூனைக்குரியதை உப்பு, புளி, மசாலா சேர்க்கும் முன்பே தனியாக எடுத்துவிட வேண்டும்.

பூனைக்கும் மீனுக்கும் உள்ள உறவே விசித்திரமானது. வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் எலியும் பல்லியும் சிறு பறவையும் பிடித்துத் தின்ற காட்டுப்பூனை. உலகெங்குமிருந்து ஏறக்குறைய ஆயிரம் பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டு கார்லோஸ் ட்ரிஸ்கல் குழு 2007-இல் இதை உறுதி செய்தது. அந்தப் பாலைவன விலங்கு கடல் மீனை எங்கே கண்டது? ஆனாலும் மனிதனோடு சேர்ந்த பிறகு மீன்மேல் அதற்கு வந்த பித்து பழையது. எகிப்தின் தீப்ஸ் நகரத்தில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முந்திய நக்த் என்பவரின் கல்லறைச் சுவரில், நாற்காலிக்கடியில் உட்கார்ந்து மீன் தின்னும் பூனையை வரைந்திருக்கிறார்கள்.

இந்தப் பித்துக்கு ஒரு விளக்கம் 2023-இல் கிடைத்தது. இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்காட் மெக்ரேனும் குழுவினரும் பூனை நாக்கின் உமாமி உணர்விகளை ஆராய்ந்தார்கள். உமாமி என்பது கறி, மீன், கருவாடு போன்றவற்றில் உள்ள ஊறிய சுவை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் இனோசின் மோனோஃபாஸ்ஃபேட் என்ற பொருளும் சேர்ந்து வந்தால் பூனைகளுக்கு மிகவும் பிடித்துப்போகிறது. சூரை மீனில் இரண்டும் நிறைய. இனிப்பின் கதை நேர் எதிர்: இனிப்பை உணரத் தேவையான மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போனதால் பூனைக்கு இனிப்பே தெரியாது என்று ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-இல் கண்டுபிடித்தார்கள். நாக்கு கேட்பது வேறு, உடம்புக்கு வேண்டியது வேறு. வெறும் மீனை மட்டும் தின்று ஒரு பூனை நலமாக இருக்க முடியாது. நெத்திலி உட்படப் பல மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால், அவற்றிலுள்ள தயமினேஸ் என்ற நொதி உணவிலுள்ள வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். முற்றினால் பூனை தலையைத் தூக்க முடியாமல் கழுத்தைக் கீழே மடித்துக்கொள்ளும், தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். எண்ணெய் மிகுந்த மீனையே தினமும் கொடுத்து வைட்டமின் ஈ போதாமல் போனால், தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அழற்சியுற்று மஞ்சளாகி, தொட்டாலே பூனை வலியில் கத்தும். மத்தி எண்ணெய் மிகுந்த மீன்.

திருப்பூணித்துறையில் வேறொரு வகைப் பூனையும் உண்டு: தயிர்சாதப் பூனை. கோயிலைச் சுற்றியுள்ள அக்கிரகாரங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது பாலும் தயிர்சாதமும்தான். ‘எங்காத்துப் பூனை மீனைத் தொடவே தொடாது’ என்று மாமிகள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பூனைகள் இத்தனை காலம் நன்றாகவே இருந்ததற்குக் காரணம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. பல்லி, எலி, ஓணான், குருவி என்று வீட்டில் கிடைக்காததை அவை வெளியே சம்பாதித்துக்கொண்டன.

வெளியே சம்பாதித்த சரக்கில் முக்கியமானது டாரின். இதயம், கண், பித்தநீர் மூன்றுக்கும் இன்றியமையாத இந்தப் பொருளை மனித உடல் ஓரளவு தானே செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. இறைச்சியிலிருந்து பெற்றாக வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்று ஹேய்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் சயின்ஸ் இதழில் காட்டினார்கள். 1987-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பயன் குழுவினர் இன்னும் பெரிய உண்மையைக் கண்டார்கள். இதயத் தசை தளர்ந்து இறந்துகொண்டிருந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருந்தது. டாரின் கொடுத்ததும் அந்த இதயங்கள் தேறின. அந்தப் பூனைகளில் பல, முழுமையான உணவு என்று சொல்லி விற்கப்பட்டதைச் சாப்பிட்டவை. அதன் பிறகுதான் உற்பத்தியாளர்கள் பூனை உணவில் டாரினைக் கூட்டினார்கள். பூனையின் இயலாமை டாரினோடு நிற்கவில்லை. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றவும் பூனைக்குத் தெரியாது. அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இல்லாத ஒரே ஒரு வேளை உணவுகூட ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிப் பூனையைச் சாய்த்துவிடும் என்பதை 1978-இல் மாரிஸும் ராஜர்ஸும் காட்டினார்கள்.

2024 மார்ச்சில் கொச்சி மெட்ரோ திருப்பூணித்துறை முனையம் வரை வந்துவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் கூடுகின்றன. ஏழாவது மாடியில் வலை போட்ட பால்கனிக்குள் வாழும் பூனைக்குக் கொல்லை கிடையாது, பல்லிகூட அபூர்வம். தட்டில் விழுவதுதான் அதற்கு எல்லாம். ஒத்துக்கொள்ளாத உணவைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு இந்தச் சிறையே ஒரு வசதியாகவும் அமைகிறது.

அந்த வேலைக்கு ரத்தப் பரிசோதனை உதவாது என்பதைச் சொல்லியாக வேண்டும். ரத்தம், உமிழ்நீர், முடி எதைக் கொடுத்தாலும் பூனைக்கு எந்த உணவு ஆகாது என்று பட்டியல் போட்டுத் தருவதாகச் சொல்லும் சோதனைகள் விற்கின்றன. நலமான பூனைக்கும் அவை ஒவ்வாமை என்று காட்டுவதுண்டு. நம்பத்தகுந்த வழி ஒன்றே ஒன்று: பூனை இதுவரை வாயில் வைத்தே இராத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. விலக்கு உணவு முறை என்று இதைச் சொல்லலாம். எட்டு வாரம் ஏன்? முன்னே சொன்ன மூவர் குழு 2015-இல் அதையும் கணக்கிட்டிருக்கிறது. ஆறு வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பூனைகள் தேறின. எட்டு வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல். வயிற்றுக் கோளாறு சில வாரங்களிலேயே அடங்கிவிடும். தோலுக்குப் பொறுமை வேண்டும். இரண்டாவது வாரத்தில் ‘ஒண்ணும் பிரயோசனமில்லை’ என்று கைவிட்டு அடுத்த பிராண்டுக்குத் தாவுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அப்படித் தாவத் தாவப் பூனைக்கு அறிமுகமில்லாத புரதங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோகும்.

எந்தப் புரதம் என்பது பூனையின் வரலாற்றைப் பொறுத்தது. மத்திக்குப் பதில் அயிலை கொடுப்பது மாற்றமே அல்ல. மனிதர்களில் மீன் ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியப் புரதமான பார்வால்புமின் பல மீன்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், வேகவைத்தாலும் அழியாது. ஆகவே மீன் என்றால் எல்லா மீனும் நிற்க வேண்டும், கருவாடும் சேர்த்து. கோழி தின்று வளர்ந்த பூனைக்கு வாத்தும் காடையும் போதிய அளவு அந்நியமல்ல. பறவைப் புரதங்களுக்குள் ஒற்றுமை அதிகம். குட்டநாட்டு வாத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முயல் கறி நல்ல தேர்வு. கேரளத்தில் முயல் பண்ணைகள் உண்டு. மீனையும் கோழியையும் தவிர வேறு இறைச்சியே அறியாத கொச்சிப் பூனைக்கு, மேலை நாட்டுப் பட்டியலில் முதல் குற்றவாளியான மாட்டிறைச்சியே பொருத்தமானதாக இருக்கலாம். ஆனால் மாடும் ஆடும் நெருங்கிய இனங்கள். பாலும் மாட்டுடையதே. பால் குடித்து வளர்ந்த பூனை என்றால் மருத்துவரோடு இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சமைக்கும் விதம் எளிது. கறியைச் சிறு துண்டுகளாக்கி, உப்போ மஞ்சளோ எண்ணெயோ சேர்க்காமல் தண்ணீரில் வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதோடு பிசைந்து கொடுக்க வேண்டும். டாரின் தண்ணீரில் கரையும். வடித்துக் கொட்டினால் அதில் கணிசமான பகுதி சாக்கடைக்குப் போகும். உள்ளங்கையில் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருக்கும்போது வைத்தால் மணம் எழும்பும், பூனை முகர்ந்ததும் வாய் வைக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கறியை அப்படியே வைத்தால் திரும்பிப் போய்விடும். ஒரே நேரத்தில் நிறைய வைப்பதைவிட நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது பூனையின் இயல்புக்கு ஏற்றது. கேரளத்து எறும்புகளிடமிருந்து தட்டைக் காப்பாற்ற, தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவே அதை வைக்கலாம்.

வெறும் கறி மட்டும் போதாது. எலும்பில்லாத இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தொடர்ந்து கொடுத்தால் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். குட்டிகளுக்கு இது விரைவில் காலை வளைத்துவிடும். டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கணினியில் ஆராய்ந்தார்கள். கணக்கிடத் தேவையான விவரம் 94 குறிப்புகளில் இருந்தது. பூனைக்கு வேண்டிய எல்லாச் சத்தும் அடங்கிய குறிப்பு அவற்றில் ஒன்றுகூட இல்லை. டாரின், சுண்ணாம்பு, வைட்டமின்களை எந்த அளவில் சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே சரி. கொச்சிக்காரர்களுக்கு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி அதிகத் தொலைவில்லை. தமிழ்நாட்டில் 1903 முதல் இயங்கும் வேப்பேரி கல்லூரி இருக்கிறது.

சமைக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, நீராற்பகுப்பு செய்த புரதம் கொண்ட மருத்துவ உணவு. சோயாவையோ கோழி ஈரலையோ நொதிகளால் மிகச் சிறு துணுக்குகளாக உடைத்துச் செய்வார்கள். கட்டிய மாலையைப் பார்த்து இன்னார் கட்டியது என்று சொல்லிவிடலாம், உதிர்த்த பூவை வைத்துச் சொல்ல முடியாது. அப்படித்தான் நோயெதிர்ப்பு மண்டலமும் துணுக்குகளை அடையாளம் காண முடியாமல் விட்டுவிடுகிறது. விலை அதிகம், மருத்துவர் வழியாக வாங்க வேண்டும். ஆனால் எட்டு வார விசாரணைக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை. கடையில் ‘ஒரே புரதம்’ என்று எழுதி விற்கும் சாதாரணப் பாக்கெட்டை அப்படி நம்ப முடியாது. 2013-இல் இத்தாலியில் ரிச்சி என்ற ஆய்வாளரின் குழு, விலக்கு உணவுக்காக விற்கப்பட்ட 12 நாய் உணவுகளைச் சோதித்தபோது பத்தில் லேபிளில் இல்லாத விலங்குப் பொருட்கள் இருந்தன. ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் பல உணவுகளை அரைப்பதன் விளைவு. வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். ஆனி ஆடி மழையில் திறந்து வைத்த பாக்கெட் ஒரு வாரத்தில் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். கொழுப்பு காறிப்போகும். இறுக மூடும் டப்பா தேவை, சிறிய பாக்கெட்டாக வாங்குவது இன்னும் நல்லது. உலர்ந்த உணவில் நீர் பத்து சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும் என்பதால், தண்ணீர்க் கிண்ணங்கள் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும்.

எட்டு வாரத்தைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் அன்பானவர்கள். பாட்டி ஊட்டும் ஒரு ஸ்பூன் தயிர், எதிர்வீட்டு சேச்சி சுவருக்கு மேல் எறியும் மத்தித் தலை, வீட்டுக் குழந்தை பகிர்ந்துகொள்ளும் பிஸ்கட். ஒரே ஒரு துண்டு போதும், அரிப்பு மறுபடி கிளம்பி எத்தனையாவது வாரம் என்ற கணக்கைக் குழப்பிவிடும். மணமூட்டிய பூச்சி மாத்திரையில்கூட ஈரலோ மாட்டிறைச்சியோ கலந்திருக்கும். வீட்டிலுள்ள எல்லோரிடமும், மீன்காரர் உட்பட, முதல் நாளே சொல்லிவைப்பது உதவும். இரண்டாவது பூனை இருந்தால் அதற்கும் அதே உணவு, அல்லது வேறு அறையில் சாப்பாடு. அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அதன் பலன் தீர்ந்த பிறகே உணவின் பலனை மதிப்பிட முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் கூடவே கூடாது. ‘பசிச்சா தானா சாப்பிடும்’ என்பது பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதிலும் பருத்த பூனை என்றால், உடலிலுள்ள கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலுக்குத் திரண்டு வந்து அதை அடைத்துவிடும். கல்லீரல் கொழுப்பேற்றம் என்ற இந்த நோய் உயிரைக் குடிக்கும். புது உணவைப் பழைய உணவோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போவது பாதுகாப்பானது. எட்டு வாரக் கணக்கு பழைய உணவு முழுக்க நின்ற நாளிலிருந்து தொடங்கும். ஒரு முழு நாள் ஒன்றும் சாப்பிடாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். வாரம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, தன் எடையைக் கழித்துக் குறித்து வைத்தால், இளைக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எட்டு வாரம் முடிந்து பூனை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கில்ஃபோர்டின் அந்த 11 பூனைகள் முக்கியமாகின்றன. உணவை மாற்றியதும் தேறுவது உணவுதான் காரணம் என்பதற்கு நிரூபணம் ஆகாது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. மீன் விலை ஏறும், பல வீடுகளில் பூனையின் தட்டு மாறும். அதே வாரங்களில் மழை, காற்றின் ஈரம், தெள்ளுப்பூச்சியின் பெருக்கம் எல்லாமே மாறுகின்றன. ஆகஸ்டில் மீன் திரும்பி வந்ததும் அரிப்பும் வந்தால் மீன்மேல் பழி போடுவது எளிது, ஆனால் அவசரம். உறுதி செய்ய வேண்டுமானால் வேறெதையும் மாற்றாமல் பழைய உணவை மட்டும் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்போ பேதியோ திரும்பும். திரும்பியதும் மறுபடி விலக்கு உணவுக்குப் போய், அது அடங்குவதையும் பார்த்துவிட்டால் வழக்கு முடிந்தது.

குணமான பூனையை மறுபடி சொறிய வைக்க வேண்டுமா என்று மனம் தயங்கும். அந்தத் தயக்கத்தால் இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதைச் செய்யாவிட்டால், தேவையே இல்லாத கட்டுப்பாட்டில் அந்தப் பூனை பதினைந்து வருஷம் வாழ நேரிடலாம். செய்தால், மீன் மட்டும்தான் ஆகாது, கோழி தாராளமாகக் கொடுக்கலாம் என்பது தெரியவரலாம். ஒவ்வொரு புரதமாக, இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் சேர்த்துப் பார்த்தால் பூனைக்கென்று ஒரு பட்டியல் கிடைக்கும். கில்ஃபோர்டின் பூனைகளில் ஒவ்வாமை உறுதியான பதினாறில் பாதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உணவு ஆகவில்லை. பட்டியல் கிடைத்தபின் அதிலுள்ள எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டியதில்லை. இப்போது ஒத்துக்கொள்ளும் புரதத்தின்மேலும் நாளை ஒவ்வாமை உருவாகலாம். எனவே முயலையோ வேறெந்த இறைச்சியையோ பூனையின் வாயில் படாமல் மிச்சம் வைத்திருக்கும் வீட்டில், அப்படி ஒரு நாள் வந்தால், அடுத்த எட்டு வாரத்தைத் தொடங்க ஓர் உணவு கையில் இருக்கும்.